நான்கு விழுக்காட்டு விதி

நான்கு விழுக்காட்டு விதி என்பது, ஓய்வு பெற்ற ஒருவர் தமது சேமிப்பிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு பணம் எடுத்துச் செலவு செய்தால் அச்சேமிப்பு அவரது வாழ்நாளுக்குள் தீர்ந்துவிடாது என்பதைக் கணிக்கப் பயன்படும் ஒரு நடைமுறை விதியாகும். இதன்படி, ஓய்வு பெறும் முதல் ஆண்டில் மொத்தச் சேமிப்பின் 4 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில், முந்தைய ஆண்டு எடுத்த தொகையைப் பணவீக்கத்தின் அளவுக்கு மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நிதித் திட்ட ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து இவ்விதி தோன்றியது. விதி என அழைக்கப்பட்டாலும் இது இயற்கை விதியோ சட்டமோ அன்று. ஒரு நாட்டின் கடந்தகாலச் சந்தை வரலாற்றில் மிக மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்னும் கேள்விக்குக் கிடைத்த விடையே இந்த எண்.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பலவற்றில், ஓய்வு பெற்ற ஊழியருக்கு அவர் இறக்கும்வரை மாதந்தோறும் குறித்த தொகையை நிறுவனமே வழங்கும் முறை இருந்தது. ஊழியர் 70 வயதில் இறந்தாலும் 95 வயதுவரை வாழ்ந்தாலும் அதனால் ஏற்படும் இலாப நட்டம் நிறுவனத்துக்கே உரியதாக இருந்தது. 1978 ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 401(கே) என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. ஊதியத்தின் ஒரு பகுதியை வரி செலுத்தாமல் சேமித்து, பின்னர் எடுக்கும்போது வரி செலுத்த இது வழி செய்தது. 1980களிலிருந்து நிறுவனங்கள் பழைய ஓய்வூதியங்களைக் கைவிட்டு இக்கணக்குகளுக்கு மாறத் தொடங்கின.

இம்மாற்றத்தால் ஊழியர் பணிக்காலத்தில் தமக்கெனச் சேமித்தார். ஆனால் ஓய்வுக்காலத்தில் முன்பு நிறுவனம் தாங்கிய இடர் முழுவதும் அவர் தோளுக்கு வந்தது. எவ்வளவு காலம் வாழ்வோம், விலைவாசி எவ்வாறு உயரும், சந்தை எப்போது வீழும் என்னும் மூன்றும் அவருக்குத் தெரியா. வேலையில் இருப்பவர் சந்தை வீழ்ந்தால் காத்திருக்கலாம். மலிவு விலையில் மேலும் வாங்கவும் செய்யலாம். 75 வயதில் சேமிப்பு பாதியாகக் குறைந்தவர் மீண்டும் வேலைக்குப் போய் அதை ஈட்ட இயலாது. மறுபுறம், இவ்வச்சத்தால் செலவை மிகவும் சுருக்கி வாழ்ந்து பெருந்தொகையை எஞ்சவிட்டு இறப்பதும் ஒரு வகை இழப்பே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைத் தேடியதன் விளைவே நான்கு விழுக்காட்டு விதி.

பெங்கனின் ஆய்வு

வில்லியம் பெங்கன் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வானூர்தி, விண்வெளிப் பொறியியல் பயின்றவர். தமது குடும்பத்தின் குளிர்பானப் புட்டி நிரப்பும் தொழிலில் பணியாற்றிய பின்னர் கலிபோர்னியாவில் நிதித் திட்ட ஆலோசகரானார். ஓய்வு பெறும் நிலையிலிருந்த வாடிக்கையாளர்கள் எவ்வளவு செலவிடலாம் எனக் கேட்டபோது அதற்கு உறுதியான விடை எந்த நூலிலும் கிடைக்காததால் தாமே கணக்கிடத் தொடங்கினார்.

அக்காலத்தில் ஆலோசகர்கள் சராசரிகளைக் கொண்டே கணக்கிட்டனர். நீண்டகாலத்தில் பங்குகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடும், அரசுக் கடன் பத்திரங்கள் 5 விழுக்காடும் வருவாய் தந்துள்ளன. பணவீக்கம் 3 விழுக்காடு. எனவே 60 விழுக்காடு பங்குகளும் 40 விழுக்காடு கடன் பத்திரங்களும் கொண்ட தொகுப்பு 8 விழுக்காடு வருவாய் தரும். பணவீக்கத்தைக் கழித்தால் 5 விழுக்காட்டை அச்சமின்றி எடுக்கலாம் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் இக்கணக்கில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சராசரி ஆண்டு என ஒன்றில் எவரும் வாழ்வதில்லை.

பெங்கன் சராசரிகளை விடுத்து 1926 ஆம் ஆண்டு முதலான உண்மைத் தரவுகளை எடுத்துக்கொண்டார். ஒருவர் 1926 இல் ஓய்வு பெற்றிருந்தால் அவரது பணம் எத்தனை ஆண்டுகள் நீடித்திருக்கும், 1927 இல் ஓய்வு பெற்றிருந்தால் எத்தனை ஆண்டுகள் என ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியே கணித்தார். தொகுப்பில் பாதி பங்குகளாகவும் பாதி நடுத்தரத் தவணை அரசுக் கடன் பத்திரங்களாகவும் இருப்பதாகக் கொண்டார். முதல் ஆண்டில் 4 விழுக்காடு எடுத்து, பின்னர் பணவீக்கத்துக்கேற்பக் கூட்டி வந்த எவருக்கும் 33 ஆண்டுகளுக்கு முன்னர் பணம் தீரவில்லை என்பது அவர் கண்ட முடிவு. இக்கட்டுரை 1994 அக்டோபரில் 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்சியல் பிளானிங்' என்னும் இதழில் வெளிவந்தது. ஓய்வு பெற்றோர் தமது பணத்தில் 50 முதல் 75 விழுக்காடுவரை பங்குகளில் வைத்திருக்க வேண்டும் என்றும் அதில் அவர் பரிந்துரைத்தார். முதியவர்கள் பங்குச் சந்தையை விட்டு விலகியிருப்பதே நன்று என்னும் பொதுக் கருத்துக்கு இது மாறானது.

அண்டவியல் ஆர்வம் காரணமாகவோ என்னவோ, சந்தை வீழ்ச்சிகளுக்கு அவர் விண்மீன் பெயர்களைச் சூட்டினார். 1929–1931, 1937–1941 வீழ்ச்சிகளைச் சிறு கரடி, பெருங் கரடிக் கூட்டங்களின் பெயர்களால் அழைத்தார். 1973–1974 வீழ்ச்சிக்கு அவர் இட்ட பெயர் 'பெரு வெடிப்பு'. இவற்றுள் ஓய்வு பெற்றோரை மிகக் கடுமையாகத் தாக்கியது பெரும் பொருளாதார வீழ்ச்சியன்று, இந்தக் கடைசி வெடிப்பே என்பது அவர் ஆய்வின் வியப்பான முடிவுகளுள் ஒன்று.

1966 இல் ஓய்வு பெற்றவர்

இவ்வியப்புக்கான காரணம் பணவீக்கத்தில் உள்ளது. 1929 இல் ஓய்வு பெற்றவரின் பங்குகள் பெரும் சரிவைக் கண்டன. ஆனால் 1929 முதல் 1933 வரை ஐக்கிய அமெரிக்காவில் விலைவாசியும் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. ஆகவே அவர் அதே வாழ்க்கையை நடத்த ஆண்டுதோறும் குறைந்த டாலர்களையே எடுத்தார். சரிந்த சேமிப்புக்கு அது ஓரளவு ஓய்வளித்தது.

1966 இல் 10 இலட்சம் டாலருடன் ஓய்வு பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் முதல் ஆண்டில் 40,000 டாலர் எடுக்கிறார். அவ்வாண்டின் தொடக்கத்தில் 1,000 புள்ளிகளை எட்டிப் பார்த்த டோ ஜோன்ஸ் தொழிற்துறைச் சுட்டெண், அதை நிலையாகக் கடக்க 1982 ஆம் ஆண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் நுகர்வோர் விலைச் சுட்டெண் 32.4 இலிருந்து 96.5 ஆக உயர்ந்தது. அதாவது, 1966 இல் 40,000 டாலருக்கு வாங்கியவற்றை 1982 இல் வாங்க அவருக்கு ஏறத்தாழ 1,19,000 டாலர் தேவைப்பட்டது. பங்குகள் ஏறவில்லை, வட்டி வீதங்கள் உயர்ந்ததால் கையிலிருந்த பழைய கடன் பத்திரங்களின் மதிப்பும் குறைந்தது, செலவோ மூன்று மடங்கானது. 1973, 1974 ஆகிய இரண்டே ஆண்டுகளில், ஈவுத்தொகையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் எஸ் அண்ட் பி 500 பங்குகள் 37 விழுக்காடு வீழ்ந்தன. விலைவாசி 22 விழுக்காடு உயர்ந்தது. 1982 இன் பின்னர் வந்த நீண்ட ஏற்றம் வரலாற்றில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. ஆனால் அதற்குள் அவரது தொகுப்பில் எஞ்சியிருந்தது அந்த ஏற்றத்தை அனுபவிக்கப் போதாத அளவு சிறியது. 1960களின் நடுவிலும் பிற்பகுதியிலும் ஓய்வு பெற்ற இத்தகையோர் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வீதம் 4 விழுக்காட்டை ஒட்டியிருந்தமையாலேயே விதிக்கு அந்த எண் வாய்த்தது. மற்ற பெரும்பாலான ஆண்டுகளில் ஓய்வு பெற்றவர்கள் இதைவிடக் கூடுதலாக எடுத்திருக்கலாம்.

வருவாய் வரிசை இடர்

மேற்கூறிய நிகழ்வின் அடிப்படையை நிதியியலில் வருவாய் வரிசை இடர் என்பர். பணம் எடுக்காமல் வைத்திருப்பவருக்கு நல்ல ஆண்டுகள் முன்னர் வந்தாலும் பின்னர் வந்தாலும் இறுதித் தொகை ஒன்றே. பணம் எடுப்பவருக்கு அப்படியன்று.

எடுத்துக்காட்டாக, இருவர் தலைக்கு 1,00,000 டாலருடன் தொடங்குவதாகக் கொள்வோம். முதலாமவருக்கு நான்கு ஆண்டு வருவாய் முறையே −20, −10, +15, +25 விழுக்காடு. இரண்டாமவருக்கு இதே எண்கள் தலைகீழ் வரிசையில் அமைகின்றன. எவரும் பணம் எடுக்காவிட்டால் இருவரிடமும் நான்காம் ஆண்டின் முடிவில் 1,03,500 டாலர் இருக்கும். ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் தலைக்கு 5,000 டாலர் எடுத்தால் முதலாமவரிடம் 78,594 டாலரும் இரண்டாமவரிடம் 86,760 டாலரும் எஞ்சும். சராசரி வருவாய் ஒன்றே, எடுத்த தொகையும் ஒன்றே. இருந்தும் நான்கே ஆண்டுகளில் 8,000 டாலருக்கு மேற்பட்ட வேறுபாடு. விலை தாழ்ந்திருக்கும்போது செலவுக்காக விற்ற பங்குகள் பின்னர் விலை ஏறும்போது கையில் இல்லாமற் போவதே இதற்குக் காரணம். 30 ஆண்டுகளில் இவ்வேறுபாடு ஒருவர் பணம் தீர்ந்து நிற்பதற்கும் மற்றவர் செல்வந்தராக இறப்பதற்கும் போதுமானது. ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகளும் பிந்தைய பத்தாண்டுகளுமே இவ்வகையில் மிகவும் ஆபத்தானவை.

டிரினிட்டி ஆய்வு

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் உள்ள டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்களான பிலிப் கூலி, கார்ல் ஹப்பார்ட், டேனியல் வால்ஸ் ஆகியோர் 1998 இல் வெளியிட்ட ஆய்வு இவ்விதியைப் பரவலாக்கியது. பெங்கன் மிக மோசமான காலத்தைத் தேட, இவர்கள் 1926–1995 காலத்தில் எத்தனை விழுக்காடு தவணைகளில் பணம் தீராதிருந்தது எனக் கணக்கிட்டு அதை வெற்றி வீதம் என்றனர். பணவீக்கத்துக்கேற்பக் கூட்டிய 4 விழுக்காட்டுப் பணமெடுப்பு 30 ஆண்டுகள் நீடித்தது, பாதிக்குப் பாதி பங்குகள் கொண்ட தொகுப்பில் 95 விழுக்காடு தவணைகளில். முக்கால் பங்கு பங்குகள் எனில் 98 விழுக்காட்டில். முழுவதும் கடன் பத்திரங்களாக வைத்திருந்த தொகுப்பின் வெற்றி வீதம் வெறும் 20 விழுக்காடு. பாதுகாப்பானது எனக் கருதப்பட்ட தெரிவே, பணவீக்கத்தின் முன் மிகப் பலவீனமானதாக வெளிப்பட்டது. இவர்கள் பெங்கனைப் போல அரசுக் கடன் பத்திரங்களைக் கொள்ளாமல் நீண்ட தவணை நிறுவனக் கடன் பத்திரங்களைக் கொண்டமையால் இரு ஆய்வுகளின் எண்களையும் நேரடியாக ஒப்பிடலாகாது.

தவறான புரிதல்கள்

ஆண்டுதோறும் மீதியிருக்கும் தொகையில் 4 விழுக்காட்டை எடுப்பதே இவ்விதி எனப் பலர் எண்ணுகின்றனர். அது வேறொரு முறை. அம்முறையில் பணம் ஒருபோதும் முழுவதும் தீராது; ஆனால் சந்தை பாதியாக வீழ்ந்தால் வருமானமும் பாதியாகும். நான்கு விழுக்காட்டு விதியிலோ விழுக்காடு முதல் ஆண்டில் மட்டுமே கணக்கிடப்படும். 10 இலட்சம் டாலரில் 40,000 எடுத்தவர், பணவீக்கம் 3 விழுக்காடு எனில் மறு ஆண்டு 41,200 எடுப்பார். அப்போது அவரது சேமிப்பு 7 இலட்சமாகக் குறைந்திருந்தாலும் 13 இலட்சமாக வளர்ந்திருந்தாலும் இத்தொகை மாறாது.

இவ்விதியைத் தலைகீழாக்கி, ஆண்டுச் செலவின் 25 மடங்கு சேர்ந்தால் ஓய்வு பெறலாம் என்பர். 40 வயதுக்குள் ஓய்வு பெற விரும்பும் இயக்கத்தினரிடையே இது பெருவழக்கு. ஆயின் மூல ஆய்வுகள் 30 ஆண்டுகளை மையமாகக் கொண்டவை. 50 அல்லது 60 ஆண்டுகள் வாழவேண்டியவருக்கு அதே எண்ணைப் பொருத்துவது ஆய்வு சொல்லாத ஒன்றைச் சொல்ல வைப்பதாகும். மேலும், பெங்கனின் கணக்கில் முதலீட்டுக் கட்டணங்கள் இல்லை. ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் 4 விழுக்காடு எடுத்து வாழ்பவருக்கு அது தமது ஆண்டு வருமானத்தின் கால் பங்குக்குச் சமம்.

வரியின் பங்கு

விதியின் மிகப் பெரிய குறை, அது வரிக்கு முந்தைய தொகையைக் குறிப்பதாகும். 40,000 டாலர் எடுத்தால் 40,000 டாலரும் செலவுக்குக் கிடைக்கும் என்பதில்லை. எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே கையில் கிடைப்பது அமையும்.

ஐக்கிய அமெரிக்காவில் ஓய்வுக்காலச் சேமிப்பு பொதுவாக மூன்று வகைக் கணக்குகளில் இருக்கும். 401(கே) கணக்கும், 1974 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான மரபுவழித் தனிநபர் ஓய்வூதியக் கணக்கும் முதல் வகை. இவற்றில் போடும்போது வரி இல்லை. எடுக்கும்போது எடுத்த தொகை முழுவதும் சாதாரண வருமானமாக வரிக்குட்படும். எனவே இக்கணக்கில் 10 இலட்சம் டாலர் இருப்பதாகக் காட்டும் அறிக்கையில் ஒரு பகுதி உண்மையில் அரசுக்குச் சேரவேண்டியது. இரண்டாம் வகை ரோத் கணக்கு. டெலவேர் மாநிலச் செனட்டர் வில்லியம் ரோத்தின் பெயரைத் தாங்கிய இது 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1998 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் வரி செலுத்திய பணமே போடப்படும். விதிகளுக்குட்பட்டு எடுக்கும்போது வளர்ச்சிக்கும் வரி இல்லை. மூன்றாம் வகை எவ்விதச் சலுகையும் இல்லாத சாதாரண முதலீட்டுக் கணக்கு. இதில் பங்குகளை விற்றால் இலாபம் மட்டுமே மூலதன ஆதாய வரிக்குட்படும்.

முதல் வகைக் கணக்கில் பணத்தை விரும்பும் காலம்வரை விட்டுவைக்க முடியாது. குறித்த வயதுக்குப் பின் ஆண்டுதோறும் ஒரு குறைந்தளவுத் தொகையைக் கட்டாயமாக எடுத்து வரி செலுத்த வேண்டும். இவ்வயது நெடுங்காலம் எழுபதரை ஆக இருந்தது. 2020 இல் 72 ஆகவும் 2023 இல் 73 ஆகவும் உயர்த்தப்பட்டது. 1960 அல்லது அதற்குப் பின் பிறந்தோருக்கு 75 ஆகும். முந்தைய ஆண்டு இறுதி இருப்பை வருவாய்த் துறையின் அட்டவணையில் உள்ள எண்ணால் வகுத்து இத்தொகையைக் கணிப்பர். 73 வயதில் வகு எண் 26.5, ஆகவே 10 இலட்சம் டாலருக்கு ஏறத்தாழ 37,700 டாலர். 85 வயதில் வகு எண் 16 ஆகக் குறைவதால் இருப்பில் 6.25 விழுக்காடும், 90 வயதில் 8 விழுக்காட்டுக்கு மேலும் எடுக்க நேரிடும். எடுக்கத் தவறினால் முன்னர் 50 விழுக்காடு தண்டம் விதிக்கப்பட்டது. 2023 முதல் இது 25 விழுக்காடு. உரிய காலத்தில் திருத்திக்கொண்டால் 10 விழுக்காடு. எடுத்ததைச் செலவிட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை; சாதாரணக் கணக்கில் மீண்டும் முதலிடலாம். கட்டாயப் பணமெடுப்பை நான்கு விழுக்காட்டு விதியுடன் சிலர் குழப்பிக்கொள்வதால் இது இங்கே குறிப்பிடத்தக்கது. முன்னது வரி வசூலுக்கான விதி. பின்னது செலவுக்கான விதி.

சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தின் மீதான வரி இன்னும் சிக்கலானது. 1983 ஆம் ஆண்டுச் சட்டம் அதில் பாதிவரையும், 1993 ஆம் ஆண்டுச் சட்டம் 85 விழுக்காடுவரையும் வரிக்குட்படுத்தின. தனிநபருக்கு 25,000, தம்பதியருக்கு 32,000 டாலர் என 1983 இல் வகுக்கப்பட்ட தொடக்க வரம்புகள் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்தப்படவே இல்லை. அன்று வசதி படைத்தோரை மட்டும் தொட்ட வரி, இன்று நடுத்தர ஓய்வூதியரையும் தொடுவது இதனாலேயே. இவ்வரம்புகளைக் கடந்த ஒருவர் 401(கே) கணக்கிலிருந்து கூடுதலாக 1 டாலர் எடுத்தால் ஓய்வூதியத்தில் 85 சென்ட்டும் சேர்ந்து வரிக்குட்படக்கூடும். 12 விழுக்காட்டுப் படியில் இருப்பவர் அந்த டாலருக்கு உண்மையில் செலுத்துவது 22.2 விழுக்காடு. 2025 ஆம் ஆண்டுச் சட்டம் 65 வயது கடந்தோருக்கு 6,000 டாலர்வரை கூடுதல் கழிவு அளித்தது. ஆனால் அது 2028 வரையிலான தற்காலிக ஏற்பாடு; மேற்கூறிய வரம்புகளை அது மாற்றவில்லை.

முதலில் சாதாரணக் கணக்கு, அடுத்து மரபுவழிக் கணக்கு, கடைசியில் ரோத் என்னும் வரிசையில் பணம் எடுப்பது நெடுங்கால வழக்கம். இவ்வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், ஓய்வின் தொடக்க ஆண்டுகளில் வரி ஏறத்தாழ இல்லாமலும் 73 வயதுக்குப் பின் மிகுதியாகவும் அமையும். எனவே வேலை நின்றதற்கும் கட்டாயப் பணமெடுப்பு தொடங்குவதற்கும் இடைப்பட்ட குறைந்த வரி ஆண்டுகளில், மரபுவழிக் கணக்கின் ஒரு பகுதிக்கு வரி செலுத்தி அதை ரோத் கணக்குக்கு மாற்றுவதை ஆலோசகர்கள் பரிந்துரைக்கின்றனர். அவ்வாண்டுகளில் சேமிப்பைச் செலவிட்டுச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தைத் தள்ளிப்போடுவதும் உண்டு. முழு ஓய்வு வயதுக்குப் பின் 70 வயதுவரை தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 8 விழுக்காடு கூடுகிறது. 1975 முதல் இவ்வோய்வூதியம் விலைவாசிக்கேற்பத் தானாக உயர்வதால், 1966 இல் ஓய்வு பெற்றவரை வீழ்த்திய இடருக்கு எதிரான காப்பாகவும் அது அமைகிறது.

விமர்சனங்களும் மாற்று முறைகளும்

நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷார்ப், இருவருடன் இணைந்து 2009 இல் எழுதிய கட்டுரையில் விதியின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினார். ஏற்ற இறக்கமுள்ள முதலீட்டைக் கொண்டு மாறாத செலவைச் சந்திக்க முயல்வது பொருந்தாத இணைப்பு என்பது அவர் வாதம். சந்தை நன்றாக இருந்தால் பயன்படாத உபரி குவியும். மோசமானால் பணம் தீரும். இவ்வாதம் வலுவானது. வரலாற்றின் பெரும்பாலான தவணைகளில் 4 விழுக்காடு எடுத்தவரிடம் 30 ஆண்டுகளின் முடிவில் தொடக்கத் தொகையைவிடக் கூடுதலாகவே எஞ்சியிருந்தது.

வேட் ஃபாவ் 2010 இல், 17 வளர்ந்த நாடுகளின் தரவுகளை ஆராய்ந்தார். எதிர்காலத்தை முன்கூட்டியே அறிந்து முதலீட்டுப் பங்கீட்டைத் தெரிவு செய்திருந்தாலும்கூட, 4 விழுக்காடு எல்லாத் தவணைகளிலும் தாக்குப்பிடித்தது நான்கு நாடுகளில் மட்டுமே. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் ஓய்வு பெற்றிருக்கக்கூடிய சப்பானியர் ஒருவரின் பாதுகாப்பான வீதம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஐக்கிய அமெரிக்காவின் இருபதாம் நூற்றாண்டு, வென்றவரின் வரலாறு என்பதை இவ்வாய்வு நினைவூட்டியது.

ஜொனாதன் கைட்டன் 2004 இலும், வில்லியம் கிளிங்கருடன் இணைந்து 2006 இலும் நெகிழ்வான முறையொன்றை முன்வைத்தார். எடுக்கும் தொகை மீதியிருப்பில் தொடக்க வீதத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மிகுந்துவிட்டால், செலவை 10 விழுக்காடு குறைக்க வேண்டும். சந்தை நன்கு வளர்ந்தால் அவ்வாறே கூட்டலாம். இவ்வாறு குறைக்க ஒப்புபவர் தொடக்கத்தில் 4 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கலாம். 1997 முதல் ஐக்கிய அமெரிக்கக் கருவூலம் பணவீக்கத்துடன் இணைந்த கடன் பத்திரங்களை வெளியிட்டு வருகிறது. ஆண்டுக்கொன்றாக முதிரும்படி இவற்றை அடுக்கி வாங்குவோரும், காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தத் தொகை செலுத்தி வாழ்நாள் ஆண்டுத்தொகை பெறுவோரும் உள்ளனர்.

எண்ணும் நிலையாக இருக்கவில்லை. மார்னிங்ஸ்டார் நிறுவனம் எதிர்கால வருவாய் மதிப்பீடுகளைக் கொண்டு 2021 இல் 3.3 விழுக்காடு என்றது. வட்டி வீதங்கள் உயர்ந்தபின் 2023 இல் 4.0 என்றும் 2024 இல் 3.7 என்றும் மாற்றியது. பெங்கனோ, தொகுப்பில் மேலும் பல வகைப் பங்குகளைச் சேர்த்து 2025 இல் வெளியிட்ட நூலில் 4.7 விழுக்காட்டுக்கு உயர்த்தினார்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இவ்விதியை அப்படியே பயன்படுத்துவதற்குப் போதிய வரலாறு இல்லை. மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 1978–79. அதிலிருந்து இன்றுவரை ஒன்றுடன் ஒன்று மேற்படியாத முப்பதாண்டுத் தவணைகள் இரண்டுகூட நிறைவடையவில்லை. ஐக்கிய அமெரிக்கத் தரவிலேயே அத்தகைய தவணைகள் மூன்றுதான் என்பதையும் இங்கே கருத வேண்டும். 2004 க்கு முன்னர் பணியில் சேர்ந்த மத்திய அரசு ஊழியரின் ஓய்வூதியம் அகவிலைப்படியுடன் உயரும். தனியார் துறையினருக்கான 1995 ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் தொகை அவ்வாறு உயர்வதில்லை. 2004 இல் தொடங்கிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டியும் தவணைக்காலம் முழுவதும் மாறாதது. வட்டியை மட்டும் செலவிட்டு முதலைக் காப்பதாகக் கருதும் ஒருவர், விலைவாசி ஏற ஏற முதலின் வாங்கும் திறனைச் சிறிது சிறிதாகச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றித் தமிழ்நாட்டுக்குத் திரும்புவோருக்கு இது இரட்டைச் சிக்கலாகிறது. அவர்களின் 401(கே) பணம் டாலரில் இருக்க, செலவு ரூபாயில் அமைவதால் நாணய மாற்று வீதமும் கணக்கில் நுழைகிறது. 1994 இல் ஏறத்தாழ 31 ரூபாயாக இருந்த ஒரு டாலர் 2024 இல் ஏறத்தாழ 84 ரூபாய். இந்த உயர்வு இந்தியாவின் மிகுதியான பணவீக்கத்தை இதுவரை ஓரளவு ஈடு செய்துள்ளது. கட்டாயப் பணமெடுப்பு எந்நாட்டில் வாழ்ந்தாலும் பொருந்தும். ஐக்கிய அமெரிக்கா பணம் எடுக்கும் ஆண்டில் வரி விதிக்க, இந்தியா தன் நாட்டில் வசிப்பவரின் உலக வருமானத்துக்கு அது சேரும் ஆண்டிலேயே வரி விதிப்பதால், ஒரு நாட்டில் செலுத்திய வரியை மற்றொன்றில் கழித்துக்கொள்ள இயலாத நிலை இருந்தது. இதைச் சரிசெய்ய 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 2021 இல் 89ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், கனடா ஆகிய நாடுகளின் ஓய்வூதியக் கணக்கு வருமானத்துக்கு, அந்நாடு வரி விதிக்கும் ஆண்டிலேயே இந்தியாவிலும் வரி செலுத்த இது தெரிவு அளித்தது. இத்தெரிவை ஒருமுறை மேற்கொண்டால் திரும்பப் பெற இயலாது. 2025 ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இதற்கு இணையான பிரிவு உண்டு. ரோத் கணக்குக்கான வரிவிலக்கு ஐக்கிய அமெரிக்கச் சட்டம் தருவது. இந்தியச் சட்டத்தில் அதற்கெனத் தனி விலக்கு ஏதுமில்லை. ஆகவே அமெரிக்காவிலேயே தங்குபவருக்கு நன்மை தரும் ரோத் மாற்றம், திரும்பி வருபவருக்கு அதே பலனைத் தருவதில்லை.